அம்மாவின் இறப்புச் சான்றிதழில் ‘ஆண்’ என்று வந்தபோது

அல்சூர் மகள்:

பெங்களூரில் இருக்கிற நம்ம ஆட்களுக்காக எழுதுகிறேன். எங்கள் அம்மா (பெற்ற அம்மா இல்லை, என்னை மகளாக எடுத்துக்கொண்ட திருநங்கை அம்மா) போன வருடம் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். டி.ஜி. கார்டு (திருநர் அடையாள அட்டை) வாங்கியிருந்தார், பேங்க் கணக்கையும் அதில் உள்ள புதிய பெயருக்கு மாற்றியிருந்தார், ஆதாரை மட்டும் “அப்புறம் பாத்துக்கலாம்டி” என்று விட்டுவிட்டார். டியூட்டி டாக்டர் கேட்டது ஆதாரைத்தான். இறப்புக் காரணம் எழுதுகிற படிவத்தில் பழைய பெயர் ஏறியது, பாலினம் ஆண் என்று ஏறியது. கையில் பச்சைக் கண்ணாடி வளையல் கழற்றாமல் அப்படியே இருக்கிறது, அதை ஒட்டி மணிக்கட்டில் கட்டிய சீட்டில் கிருஷ்ணகிரியிலேயே அவர் விட்டுவிட்டு வந்த பெயர்.

ஆஸ்பத்திரியில் நடக்கிற சாவை ஆஸ்பத்திரிதான் 21 நாளுக்குள் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும், அவர்கள் எழுதி அனுப்புவதுதான் சான்றிதழாக வரும், அழுதுகொண்டு நிற்கிற நேரத்தில் அந்தப் படிவத்தை யார் வாங்கிப் படிக்கப்போகிறார்கள்? எங்களுக்கு உறைத்தது பேங்கில். நாமினி நான்தான். கணக்கு ஒரு பெயரில், சர்டிபிகேட் இன்னொரு பெயரில். “இது வேற யாரோ செத்ததுக்கு வாங்கின சர்டிபிகேட்மா” என்றார் கவுண்டரில் இருந்தவர்.

ஆனால் திருத்த வழி இருக்கிறது. 1969ஆம் வருடத்துப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தில் 15ஆம் பிரிவு. பழைய வரியை அழிக்க மாட்டார்கள், பதிவேட்டின் ஓரத்தில் திருத்தத்தை எழுதிப் பதிவாளர் கையெழுத்துப் போடுவார். விஷயம் தெரிந்த, நம்பத்தகுந்த இரண்டு பேர் உறுதிமொழி கொடுக்க வேண்டும். கிளார்க் “ரத்த சொந்தத்துல யாரையாவது கூட்டிட்டு வாங்க” என்று பிடிவாதம் பிடித்தார். விதியில் ரத்தமும் இல்லை, சொந்தமும் இல்லை. எங்கள் நானியும் (அம்மாவின் குரு) கீழ் வீட்டுப் பால்காரரும் எழுதிக் கொடுத்தார்கள். கூடவே டி.ஜி. கார்டு நகல், 2019 திருநர் சட்டத்தின் 6ஆம் பிரிவு பிரிண்ட். திருநர் அடையாளச் சான்றிதழில் உள்ள பாலினத்தைத்தான் எல்லா அரசு ஆவணத்திலும் பதிய வேண்டும் என்று அதில் இருக்கிறது. கிளார்க் கணினியில் பாலினத்தைத் திறந்தால் ஆண், பெண்ணுக்குக் கீழே மூன்றாவதும் இருக்கிறது! அவரே அன்றைக்குத்தான் பார்த்த மாதிரி முழித்தார்.

சிவாஜிநகர்:

அக்கா, ஹமாமில் (குருவோடு நாம் சேர்ந்து வாழ்கிற வீட்டில்) இறந்தால் கதையே வேறு. வீட்டில் நடக்கிற சாவைப் பதிவாளரிடம் சொல்லவேண்டியவர் அந்த வீட்டின் தலைவர் என்றுதான் சட்டம் சொல்கிறது. எங்கள் ஹமாமில் ஒரு அக்கா இறந்தபோது எங்கள் குரு நேராகப் போய்ச் சொன்னார், வாடகை ஒப்பந்தம் அவர் பெயரில் இருந்ததால் யாரும் வாய் திறக்கவில்லை. பார்த்த டாக்டர் இறப்புக் காரணச் சான்றும் எழுதிக் கொடுத்திருந்தார். ஊரிலிருந்து அந்த அக்காவின் அண்ணன் வந்து சேர்வதற்குள் பதிவு முடிந்துவிட்டது. அவருக்கு வேண்டியது சர்டிபிகேட் இல்லை, இறந்த அக்கா போட்டிருந்த செயின்.

விவேக்நகர் தம்பி:

திருநம்பிகளுக்கும் (பெண்ணாகப் பதிவாகி ஆணாக வாழ்கிற எங்களுக்கும்) இதே கூத்துதான், என்ன, எங்களுக்குப் பெரும்பாலும் ஹமாமும் இல்லை, குருவும் இல்லை. என் நண்பன் அதே 2019 சட்டத்தின் 7ஆம் பிரிவில், அறுவை சிகிச்சைக்குப் பிறகு தருகிற திருத்திய சான்றிதழே வாங்கி வைத்திருந்தான், அவன் இறந்ததும் அவன் வீட்டில் பத்தாவது மார்க்‌ஷீட்டை நீட்டி ‘மகள்’ என்று எழுத வைத்துவிட்டார்கள். அந்தத் திருத்த மனு இன்னும் நடக்கிறது. 2024 டிசம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம் ஒரு பிறப்புச் சான்றிதழ் வழக்கில் பழைய பெயர், புதிய பெயர் இரண்டையும் காட்டித் திருத்தித் தரச் சொன்னது. அதையும் மனுவோடு இணைத்திருக்கிறோம். பழைய பெயர் கூடவே ஒட்டிக்கொண்டு வருவது எனக்குத் துளியும் பிடிக்கவில்லை, ஆனால் அல்சூர் அக்கா சொன்ன மாதிரி பேங்கில் ‘வேற ஆள்’ என்று சொல்ல முடியாதே, அதற்காகத்தான். ஆதாரை மாற்றாதவர்கள் இந்த வாரமே போங்கள்.