மறு: ‘புரோமின் களம்’ வேண்டாம், ‘பிரம்மக்களம்’ போதும்

நண்பர்களே,

நம் கட்டுரைக்காக நேற்று வந்த சொற்பட்டியலில், புரோமோடொமைன் (bromodomain) என்ற புரதப் பகுதிக்கு ‘புரோமின் களம்’ என்று போட்டிருக்கிறது. தயவுசெய்து எடுத்துவிடுவோம். இந்தப் புரதப் பகுதிக்கும் புரோமினுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பழ ஈயில் ‘பிரம்மா’ என்று பெயரிட்ட மரபணு ஒன்று உண்டு. 1992-இல் அதன் புரதத்தில் இந்தப் பகுதியைக் கண்டபோது, பிரம்மாவை வைத்தே ‘புரோமோ’ என்றார்கள். நம் பக்கத்துப் பெயர் தமிழுக்குத் திரும்பும்போது தனிமமாக மாறக் கூடாது. ‘பிரம்மக்களம்’ என்போம்.

அப்புறம் ‘இன்ஹிபிட்டர்’. பட்டியலில் ‘தடுப்பான்’. நொதிக்குச் சரி, வினை நிற்கிறது. பிரம்மக்களத்தில் வினையே நடப்பதில்லை. அது ஒரு குழி. டிஎன்ஏ சுற்றிக்கொள்ளும் ஹிஸ்டோன் புரதத்தின் வாலில், அசிட்டைல் தொகுதி ஏறிய லைசின் என்ற அமினோ அமிலம் அதற்குள் போய் உட்காரும். அந்தப் பிடியில்தான், இந்தக் களத்தைக் கொண்ட பிஆர்டி4 என்ற புரதம் குரோமாட்டின்மேல் (டிஎன்ஏ-வும் ஹிஸ்டோனும் சேர்ந்த இழை) நின்று, மரபணுவை ஆர்என்ஏ-வாகப் படியெடுப்பதை முடுக்குகிறது. 2010-இல் பாஸ்டனில் ஜேம்ஸ் பிராட்னர் குழு வெளியிட்ட ஜேக்யூ1 என்ற சிறுமூலக்கூறு, லைசினின் இடத்தில் தானே போய் உட்கார்ந்துகொள்கிறது. பிடி நழுவுகிறது. (ஜேக்யூ1-இல் ஒரு குளோரின் அணு உண்டு, புரோமின் அதிலும் கிடையாது.) சீசா வாயை மூடுகிறோமே, அந்த ‘அடைப்பான்’தான் இதற்குப் பொருந்தும் என்பது என் எண்ணம்.

—

ஐயா, வணக்கம். பிரம்மக்களத்துக்கு என் ஆதரவு முழுக்க உண்டு. அடைப்பான்தான் இடிக்கிறது. தடுப்பான் என்றால் கல்லூரிப் பிள்ளைகளுக்கு உடனே புரியும். பட்டியலில் அடுத்தது சிடிகே9. அது நொதி, அதை நிறுத்தினாலும் படியெடுத்தல்தான் நிற்கிறது. ஒரே கட்டுரையில் இரண்டு சொல் எதற்கு?

—

அம்மா, நீங்கள் சொன்ன சிடிகே9-ஐயே எடுத்துக்கொள்வோம். அங்கே பாஸ்பேட் ஏற்றும் வேலை நிற்கிறது; தடுப்பான் சரி. ஜேக்யூ1 குழியை அடைக்கிறது, அவ்வளவுதான். பிஆர்டி4 அழிவதில்லை, மூலக்கூறு வெளியேறினால் மறுபடி போய் ஒட்டிக்கொள்ளும். எலி உடலில் ஜேக்யூ1 சீக்கிரமே சிதைந்து மறைந்துவிடுவதால் அதை அப்படியே மருந்தாக்க முடியவில்லை. 2015-இல் அதே குழு டிபெட்1 என்று ஒன்றைச் செய்தது. ஜேக்யூ1-உடன் இன்னொரு துண்டைக் கோத்துச் செய்த மூலக்கூறு அது. பிஆர்டி4-ஐச் செல்லின் குப்பைக்கூடைக்கே அனுப்பிச் சிதைத்துவிடும். சிடிகே9-ஐ நிறுத்துவது, ஜேக்யூ1, டிபெட்1 மூன்றையும் தடுப்பான் என்றால், படிக்கிற பிள்ளைக்கு எது எதைச் செய்கிறது என்று எப்படித் தெரியும்?

பொதுச்சொல்லாகத் தடுப்பான் இருக்கட்டும். அதன்கீழே அடைப்பான், சிதைப்பான் இரண்டையும் சேர்த்துத் திங்கட்கிழமை அனுப்புகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.