ஏழாம் மாதத்தில் உதட்டோரக் கொப்புளம்: வயிற்றுக் குழந்தைக்கு ஆபத்தா?

கேள்வி:
எனக்கு இப்போது ஏழாம் மாதம் நடக்கிறது. நேற்று முன்தினம் இரவு கீழுதட்டின் ஓரத்தில் சுருக்சுருக்கென்று குத்தியது. காலையில் கண்ணாடியில் பார்த்தால், கடுகளவில் நான்கைந்து நீர்க்கொப்புளங்கள் கொத்தாக எழும்பியிருந்தன. கல்லூரி நாள்களிலிருந்தே காய்ச்சல் கண்டாலோ வெயிலில் அலைந்தாலோ இப்படி வருவதுண்டு. மாமியார் உடம்புச்சூடு என்கிறார். பக்கத்து வீட்டு அம்மாவோ இது அக்கி, காவி பூசு என்கிறார். கிருமி குழந்தைக்குப் போய்விடுமோ என்ற பயத்தில் எனக்குத் தூக்கமே இல்லை. வீட்டில் பழைய ஆசைக்ளோவிர் களிம்பு இருக்கிறது, அதைப் பூசலாமா?

பதில் 1:
மகப்பேறு வார்டில் செவிலியராக இருக்கிறேன். நீங்கள் சொல்வது, ஹெர்பீஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸால் வரும் கொப்புளமாகவே தெரிகிறது. ஒருமுறை தொற்றிய இந்த வைரஸ், முகத்துக்கு உணர்ச்சி தரும் நரம்பின் கணுவில் ஆயுள் முழுவதும் பதுங்கிக் கிடந்து, உடல் அசரும்போது தலைதூக்கும். உங்களுக்குப் பல ஆண்டுகளாக வந்துபோவதால் அதற்கான எதிர்ப்பொருள்கள் இரத்தத்தில் ஏற்கெனவே இருக்கின்றன. அவை நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கும் போய்ச் சேரும் என்பதால், உதட்டில் திரும்ப வரும் கொப்புளம் வயிற்றிலுள்ள குழந்தையைப் பொதுவாகப் பாதிப்பதில்லை. கடைசி மூன்று மாதங்களில் முதன்முறையாகப் பிறப்புறுப்பில் இந்தத் தொற்று வருவதுதான் கவலைக்குரியது. அப்படி ஏதேனும் புண் தெரிந்தால் கூச்சப்படாமல் உடனே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் பிரசவம் எந்த வழியில் என்பதே அதனால் மாறக்கூடும். ஆசைக்ளோவிர் கர்ப்பிணிகளுக்கும் கொடுக்கப்படும் மருந்துதான். இருந்தாலும் உங்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுப் பூசுங்கள். காவி மட்டும் வேண்டாம். வெடித்த கொப்புளத்தில் மண் பட்டால் சீழ் பிடிக்கும்.

பதில் 2:
எனக்குப் பிரசவமான பத்தாம் நாள் இதே கொப்புளம் வந்தது. பிறந்து சில வாரங்களே ஆன குழந்தைக்கு இது தொற்றினால் உயிருக்கே ஆபத்தாகலாம் என்று மருத்துவர் எச்சரித்ததால், பொருக்கு உதிர்ந்து புண் முழுவதும் ஆறும்வரை முகக்கவசம் அணிந்து, ஒவ்வொரு முறையும் சோப்பால் கை கழுவிய பிறகே குழந்தையைத் தூக்கினேன். மார்பில் புண் இல்லாததால் தாய்ப்பாலை நிறுத்தவில்லை. குழந்தை பார்க்க வந்த சித்தியின் உதட்டிலும் பொருக்கு இருந்ததைக் கவனித்து, முத்தம் வேண்டாம் என்று நேராகவே சொன்னேன். ஒரு மாதம் அவர் என்னோடு பேசவில்லை. பரவாயில்லை. குழந்தை பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தாலோ, காய்ச்சலோ கொப்புளமோ கண்டாலோ, விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

கேட்டவர்:
இன்று மருத்துவரிடம் காட்டினேன். புதிய களிம்பை ஒரு நாளைக்கு ஐந்து வேளை பூசச் சொல்லியிருக்கிறார். வீட்டிலிருந்த குழாயைத் திருப்பிப் பார்த்தேன், 2021-லேயே காலாவதியாகியிருந்தது.