பௌர்ணமி சனிக்கிழமையா, பாதி நிலா சனிக்கிழமையா? எந்த நாளில் தூண்டில் போடுவது?

ஈரக்கால்சட்டை:
முகத்துவாரக் கரையில் நின்று தூண்டில் போடுகிறவன் நான். சனிக்கிழமை மட்டும்தான் நேரம் கிடைக்கும். வரும் சனி பௌர்ணமி, நிலாவை வைத்து மீன் கிடைக்கும் நாளைக் கணிக்கும் செயலியில் ஐந்துக்கு ஐந்து மீன் படம் போட்டிருக்கிறது. ஆனால் ஓத (கடல் நீர் ஏற்ற இறக்க) அட்டவணைப்படி அன்றைக்குக் காலை 6:05-க்குத் தாழ்வு, பகல் 12:15-க்குத்தான் உச்சம். இரண்டுக்கும் 2.4 மீட்டர் வித்தியாசம். அடுத்த சனி பாதி நிலா. செயலி ஒரே ஒரு மீன்தான் தருகிறது. ஆனால் காலை 5:40-க்கே உச்சம், வித்தியாசம் 0.9 மீட்டர். எதை நம்பிக் கிளம்புவது?

வளர்பிறை:
யோசிக்கவே வேண்டாம் தம்பி, பௌர்ணமி. நான் ஆறு வருடமாக நோட்டு போட்டு வைத்திருக்கிறேன். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய மூன்று நாளில் கிடைத்ததுதான் பெரும்பாலும். நிலா தலைக்கு மேல் வரும் நேரமும், நேர் எதிரே காலுக்குக் கீழ் போகும் நேரமும் மீன் இரை எடுக்கும். நிலா உதிக்கும்போதும் மறையும்போதும் கொஞ்சம் எடுக்கும். 1926-லேயே ஜான் ஆல்டன் நைட் என்ற அமெரிக்கர் சொல்லிவிட்டுப் போன கணக்கு இது. செயலிக்காரன் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை.

முழங்கால்தண்ணி:
மறுபடியும் அந்த மீன் படமா! மீனுக்கு நிலா தெரியாது, தண்ணீர் ஓடுகிறதா நிற்கிறதா என்பதுதான் தெரியும். ஓடும் தண்ணீர் இறாலையும் சிறுமீனையும் அடித்துக்கொண்டு வரும், பெரிய மீன் ஓட்டம் குறைந்த ஒரு மறைவில் நின்று வாயைத் திறக்கும். அவ்வளவுதான் விஷயம். அமாவாசை, பௌர்ணமியில் சூரியனும் நிலாவும் ஒரே கோட்டில் இழுப்பதால் ஓதம் பெரிது, ஓட்டமும் வேகம். அதனால் மீன் கிடைத்திருக்கலாம். அதற்கு நிலாவுக்கு ஏன் மாலை போடுகிறீர்கள்?

வளர்பிறை:
ஓதத்தைக் கொண்டுவருவதே நிலாதானே ஐயா. சூரியன் இழுப்பு அதில் பாதிகூட இல்லை. நீங்கள் சொல்வதும் நான் சொல்வதும் ஒன்றுதான்.

முழங்கால்தண்ணி:
ஒன்றில்லை. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு இடத்தில் நிலா உச்சிக்கு வந்து எத்தனை மணி நேரம் கழித்து தண்ணீர் உச்சம் தொடும் என்பது ஏறத்தாழ மாறாது. ஓர் இடத்தில் இரண்டு மணி, இன்னோர் இடத்தில் ஐந்து மணி என்று இருக்கலாம், ஆனால் அந்தந்த இடத்துக்கு அது அதுவே. அதாவது செயலி காட்டும் ‘பெரிய நேரம்’ (நிலா தலைக்கு மேலோ காலுக்குக் கீழோ இருக்கும் நேரம்) உங்கள் இடத்தில் எப்போதும் ஓதத்தின் ஒரே கட்டத்தில்தான் வந்து விழும். உங்கள் இடத்தில் அது ஏறுநீரின் நடுவாக இருந்தால் செயலி பலிக்கும். பத்துக் கிலோமீட்டர் தள்ளி ஒரு கழிமுகத்துக்குள் போனால் அதே நேரம் தண்ணீர் அசையாமல் நிற்கலாம். அங்கே நிற்கிறவன் செயலியைத் திட்டுவான். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான்.

அடுத்தது இன்னும் வேடிக்கை. ஓதம் ஒரு நாளைக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகிறது. ஒரு வாரத்தில் ஆறு மணி நேரம் தள்ளிவிடும். அதனால் ஒரு இடத்தில் பௌர்ணமி, அமாவாசை உச்சம் எப்போதும் கிட்டத்தட்ட ஒரே கடிகார நேரத்தில் வரும். தம்பியின் இடத்தில் அது நண்பகலும் நள்ளிரவும். அப்படியானால் அங்கே ஒவ்வொரு பௌர்ணமிக்கும் விடியற்காலை தண்ணீர் வற்றித்தான் கிடக்கும். விடியலில் மட்டும் போகிறவன் "பௌர்ணமி ஆகாது" என்பான், மதியம் போகிறவன் "பௌர்ணமி மாதிரி வருமா" என்பான். இருவரும் நிலாவைப் பற்றிப் பேசுவதாக நினைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பற்றிப் பேசுகிறார்கள்.

ஏரிக்கரை:
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். நான் ஏரியில் போடுகிறவன். வட அமெரிக்கப் பேரேரிகளிலேயே ஓதம் 5 செ.மீ. தாண்டாது, என் ஏரியில் அது கிடையவே கிடையாது. ஆனாலும் பௌர்ணமிக்கு மறுநாள் பகலில் தூண்டில் தூங்கும். ராத்திரி வெளிச்சத்தில் வயிறு முட்டத் தின்றுவிட்டுப் படுத்திருக்கும் என்பது என் எண்ணம். இதற்கு ஓட்டத்தைக் காரணம் சொல்ல முடியாதே?

வளர்பிறை:
கேட்டீர்களா முழங்கால்!

முழங்கால்தண்ணி:
கேட்டேன். வெளிச்சம் என்றால் ஒப்புக்கொள்கிறேன், அது இழுப்பு இல்லையே. நிலா வெளிச்சத்தில் மிதவை உயிரிகள் மேலே வராமல் ஆழத்திலேயே நிற்கும். விளக்கு வைத்துக் கணவாய் பிடிக்கிறவர்கள் இருட்டு இரவைத் தேடுவதும் இதனால்தான், பௌர்ணமியில் அவர்கள் விளக்கு எடுபடாது. ஆனால் செயலிக்கு மேகம் தெரியுமா? மூடிய வானத்திலும் அதே ஐந்து மீன்தான் போடும். ஏரிக்காரர் ஒரு காரியம் செய்யுங்கள், மேகம் மூடிய பௌர்ணமிகளைத் தனியாகக் குறித்து வையுங்கள்.

அப்புறம் வளர்பிறை ஐயாவுக்கு ஒரு கேள்வி. அந்த நோட்டில் எத்தனை மணி நேரம் நின்றீர்கள் என்று இருக்கிறதா? ஐந்து மீன் நாளில் விடியவிடிய நிற்போம், ஒரு மீன் நாளில் ஒரு மணி நேரத்தில் சுருட்டிக்கொண்டு வந்துவிடுவோம். எண்ணிக்கை எந்தப் பக்கம் சாயும்?

ஈரக்கால்சட்டை:
ஐயா, அண்ணா, என் சனிக்கிழமை என்ன ஆயிற்று?

முழங்கால்தண்ணி:
வரும் சனியே போங்கள், ஆனால் 6 மணிக்கு இல்லை. எட்டு மணிக்குக் கரையில் இருந்தால் போதும். ஓதம் ஏறும் உயரத்தைப் பன்னிரண்டு பங்காக வைத்து, ஏறும் ஆறு மணி நேரத்தில் மணிக்கு மணி 1, 2, 3, 3, 2, 1 பங்கு என்று எண்ணுவார்கள். உங்கள் 2.4 மீட்டரில் ஒரு பங்கு 20 செ.மீ. முதல் மணியில் 20 ஏறும் தண்ணீர் மூன்றாவது, நாலாவது மணியில் 60, 60 ஏறும். 8-லிருந்து 10 வரை அதுதான் ஓட்டம். பாதி நிலா சனியில் இதே கணக்கு மணிக்கு 22 செ.மீ.தான், அதுவும் நீங்கள் வரும்போது உச்சம் முடிந்திருக்கும்.

12:15-க்குத் தண்ணீர் நின்றுவிடும் என்று மட்டும் எண்ணாதீர்கள். அது மட்டத்தின் உச்சம். முகத்துவாரத்தில் அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். எவ்வளவு நேரம் என்று ஒரு முறை தக்கையைப் போட்டுப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள், எந்த அட்டவணையிலும் இருக்காது.

வளர்பிறை:
ஆக, பௌர்ணமி சனிதான். நான் முதலிலேயே சொன்னது.

இதை நானும் அனுபவத்தில் சொல்கிறேன் தம்பி, மணல் திட்டில் நிற்காதே. ஒரு பௌர்ணமியன்று முன்னால் இருந்த தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றேன், பின்னால் கரைக்கும் திட்டுக்கும் நடுவில் இருந்த பள்ளம் நிரம்பியது தெரியவில்லை. போகும்போது கணுக்கால், வரும்போது மார்பு. பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தேன், தூண்டில் கழி போனது போனதுதான். கடலிலிருந்து காற்று கரை நோக்கி அடித்தாலோ, காற்றழுத்தம் குறைந்தாலோ தண்ணீர் அட்டவணையைத் தாண்டி ஏறும், அழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் இறங்கினால் சுமார் ஒரு செ.மீ.

முழங்கால்தண்ணி:
இதில் சண்டை இல்லை. ஏறுநீர் தொடங்கியதும் திட்டை விட்டு வந்துவிடுங்கள். சரி, நோட்டு?

வளர்பிறை:
இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். தேதி இருக்கிறது, திதி இருக்கிறது, மீன் எடை இருக்கிறது, இரை என்ன என்றுகூட இருக்கிறது. எத்தனை மணிக்குப் போனேன், எத்தனை மணிக்குத் திரும்பினேன் என்று ஒரு பக்கத்திலும் இல்லை.

ஈரக்கால்சட்டை:
எட்டு மணி என்று எழுதிக்கொண்டேன். திரும்பும் நேரத்தையும் குறித்துக்கொண்டு வருகிறேன்.