பழைய டிரான்ஸ்ஃபர் தாள்கள் இன்னும் துணியில் பதியுமா?

கேள்வி (லெஸ்டர் வாசகி)

வணக்கம். இங்கிலாந்தில் லெஸ்டர் நகரில் வசிக்கிறேன். இங்குள்ள சாரிட்டி கடை ஒன்றில், பழைய பெண்கள் இதழ்களோடு இலவசமாக வந்த எம்பிராய்டரி டிரான்ஸ்ஃபர் தாள்கள் (சூடான இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினால் தைக்க வேண்டிய உருவத்தின் கோடுகளைத் துணியில் பதிப்பவை) ஒரு கட்டாகக் கிடைத்தன. தாள் மிக மெல்லியது. நீல மைக்கோடுகள் விரலால் தடவினால் மேடாகத் தெரிகின்றன. 1930களில் இங்கே மிகவும் விரும்பப்பட்ட, குடைபோல விரிந்த பாவாடையும் அகன்ற தொப்பியும் அணிந்து பூந்தோட்டத்தில் நிற்கும் சீமாட்டியின் உருவம் அவற்றில் ஒன்று. அதை வெள்ளை லினன் மேசை விரிப்பின் நான்கு மூலைகளிலும் தைக்க வேண்டும் என்பது என் விருப்பம். ஆனால் அந்த உருவம் ஒரே ஒரு தாளில்தான் இருக்கிறது. இத்தனை ஆண்டுகள் கடந்த மை இன்னும் உருகிப் பதியுமா? தாளில் ஆழமாக விழுந்திருக்கும் மடிப்புகளை இஸ்திரி போட்டு நீக்கிவிட்டுப் பயன்படுத்தலாமா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி (ஊசிநூல்)

சகோதரிக்கு வணக்கம். முதலில் ஒரு வேண்டுகோள்: மடிப்பை நீக்குவதற்காக அந்தத் தாளின்மேல் சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்துவிடாதீர்கள். அந்த மை சூட்டில் இளகுவதற்காகவே செய்யப்பட்டது. அடியில் என்ன இருக்கிறதோ அதில் ஒட்டிக்கொள்ளும். இரண்டு வெள்ளைத் தாள்களுக்கு இடையே வைத்து, கனமான புத்தகங்களை மேலே அடுக்கிச் சில நாட்கள் விட்டுவிட்டால் மடிப்பு பெருமளவு தணிந்துவிடும்.

மை பதியுமா என்பதை அந்தத் தாளிடமே கேட்டு அறியலாம். 1870களில் மான்செஸ்டரின் வில்லியம் பிரிக்ஸ் நிறுவனம் இந்த முறையைச் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகு பல நிறுவனங்களும் இதழ்களும் இத்தகைய தாள்களை வெளியிட்டன. அவற்றில் பெரும்பாலானவற்றின் ஓரத்தில் வரிசை எண்ணோ, நிறுவனத்தின் பெயரோ, ஒரு சிறு பூவோ அதே மையில் அச்சிடப்பட்டிருக்கும். அதை வெட்டியெடுத்து, நீங்கள் தைக்கப்போகும் அதே லினனின் துண்டு ஒன்றில் பதித்துப் பாருங்கள். வேறு துணியில் செய்யும் சோதனை பயன் தராது. எவ்வளவு சூடு வேண்டும் என்பதைத் துணியின் தன்மையும் சேர்ந்தே முடிவு செய்கிறது.

விரிப்பை முன்கூட்டியே துவைத்து, கடையிலிருந்து வரும்போது அதிலுள்ள கஞ்சியை முழுவதும் போக்கிவிடுங்கள். துணியை மென்மையாக்கும் திரவம் சேர்க்க வேண்டாம். இஸ்திரி மேசையின் மெத்தை அழுத்தத்தை வாங்கிக்கொள்ளும் என்பதால், ஒரு மரப்பலகையின்மேல் பழைய பருத்தித் துணியை இரண்டாக மடித்து விரித்து, அதன்மேல் வேலை செய்வது நல்லது. இஸ்திரிப் பெட்டியை லினனுக்குரிய சூட்டில் வைத்து, நீராவியை நிறுத்தி, உள்ளே தண்ணீர் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முதலில் துணியை மட்டும் தேய்த்துச் சூடாக்கிவிட்டு, உடனே தாளின் மைப்பக்கம் கீழே இருக்கும்படி வைத்து, கோடுகள் இல்லாத ஓரங்களில் குண்டூசி குத்துங்கள். பிறகு பெட்டியைத் தூக்கித் தூக்கி வைத்து அழுத்த வேண்டும்; இழுத்துத் தேய்த்தால் கோடு இரட்டையாகிவிடும். ஓரிடத்தில் ஏறத்தாழ பத்து விநாடிகள் போதும். நீராவித் துளைகள் இருக்கும் இடத்தில் சூடு முழுமையாகச் சேராது என்பதால், பெட்டியைச் சற்று நகர்த்தி வைத்து மீண்டும் ஒருமுறை அழுத்துங்கள். குண்டூசிகளை எடுக்காமல் ஒரு மூலையை மட்டும் உயர்த்திப் பாருங்கள். கோடு மங்கலாக இருந்தால் தாள் அசையாதபடி அதை இறக்கிவிட்டு மறுபடி அழுத்தலாம்.

மங்கலாகப் பதிவதைத் தோல்வியாகக் கருத வேண்டாம். தெளிவான நீலக்கோடு துவைத்தாலும் எளிதில் போகாது. அதைத் தையல் முழுவதுமாக மூட வேண்டியிருக்கும். காம்புத் தையலும் சங்கிலித் தையலும் கோட்டை நன்றாக மறைக்கும். ஒற்றை இழையில் பின் தையல் போட்டால் இருபுறமும் நீலம் எட்டிப்பார்க்கும். ஆகவே ஊசிக்கு வழிகாட்டும் அளவுக்கு மட்டும் தெரியும் மெல்லிய கோடே எனக்கு என்றும் உகந்தது.

மறுமொழி (மதுரை தையல் ஆசிரியை)

மேலே சொன்ன முறை சரியானது. ஆனால் நான்கு மூலைகளுக்கு ஒரே தாள் என்னும்போது, அதை நேரடியாகப் பயன்படுத்த வேண்டாம் என்றே நான் சொல்வேன். இத்தகைய பழைய தாள்கள் பெரும்பாலும் ஒரு பதிவிலேயே மையை இழந்துவிடும். இரண்டாம் மூலை வெளிறியும் மூன்றாம் மூலை வெறுமையாகவும் வரக்கூடும்.

மூலத்தின்மேல் டிரேசிங் பேப்பரை வைத்து மென்மையான பென்சிலால் நகல் எடுங்கள். அந்த நகலைத் தடித்த துணியின்மேல் வைத்துக் கோடுகளின்மேல் நெருக்கமாக ஊசியால் துளையிடுங்கள். எங்கள் ஊர்த் தையல் வகுப்புகளில் நெடுங்காலமாகச் செய்வதுபோல, சலவை நீலப் பொடியைச் சிறிது மண்ணெண்ணெயில் குழைத்து, பஞ்சில் தொட்டு நன்றாகப் பிழிந்த பிறகு, விரிப்பின்மேல் வைத்த நகலின் துளைகளின்மேல் தடவினால், விரிப்பில் புள்ளிக்கோடாக உருவம் இறங்கும். மண்ணெண்ணெய் கிடைக்காத இடத்தில் பொடியை மட்டும் மெல்லிய துணியில் முடிந்து ஒற்றி எடுத்து, புள்ளிகளைப் பென்சிலால் இணைத்துக்கொள்ளலாம். டிரான்ஸ்ஃபர் தாளில் உருவம் இடவலம் மாறி அச்சிடப்பட்டிருக்கும் என்பதை மறக்காதீர்கள். துளையிட்ட நகலை எந்தப் பக்கமும் திருப்பி வைக்க முடியும் என்பதால் அது இங்கே பெரிய வசதி: இரண்டு மூலைகளில் சீமாட்டி இடப்பக்கமும், மற்ற இரண்டில் வலப்பக்கமும் நோக்கி நிற்கும்படி அமைத்தால் விரிப்பு இன்னும் அழகாக இருக்கும்.

மூலத்தைக் கணினியில் சேமிக்க விரும்பினால், கண்ணாடித் தட்டில் வைத்து மட்டும் ஸ்கேன் செய்யுங்கள். தாளைத் தானே உள்ளிழுக்கும் இயந்திரத்தில் கொடுத்தால் நொறுங்கிப்போன மடிப்புகள் கிழிந்துவிடும்.

கேள்வி கேட்டவர் (லெஸ்டர் வாசகி)

இருவருக்கும் நன்றி. மேசை விரிப்புக்கு நகல் முறையையே கையாள்கிறேன். எனக்குக் கிடைத்த மற்ற தாள்கள் சிலவற்றில் மை மஞ்சளாக இருக்கிறது. அது வெளுத்துப்போன மையா? நீரில் கரையும் நீலப் பேனாவால் நகல் வரைவது பாதுகாப்பானதா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

மறுமொழி (ஊசிநூல்)

மஞ்சள் மை பெரும்பாலும் அடர்நிறத் துணிகளுக்கென்றே அச்சிடப்பட்டது. கருநீலத்திலோ கரும்பச்சையிலோ நீலக்கோடு தெரியாது அல்லவா. ஓரத்து எண்ணை அடர்நிறப் பருத்தித் துண்டில் பதித்தால் உங்களுக்கே விளங்கிவிடும். பாலியஸ்டர் கலந்த துணியைத் தவிர்த்துவிடுங்கள். மை இளகத் தேவையான சூட்டில் அந்தத் துணி பளபளப்பேறிக் கெட்டுவிடும்.

நீரில் கரையும் பேனா நல்லதுதான், ஒரே ஒரு கட்டுப்பாட்டோடு: தையல் முடிந்ததும் சோப்புப் போடாமல் குளிர்ந்த நீரில் முழுவதுமாக அலசி, கோடு அறவே போய்விட்டதை உறுதி செய்துகொண்ட பிறகுதான் இஸ்திரி போட வேண்டும். கோடு இருக்கும்போதே சூடு பட்டால் அந்த நிறம் துணியில் நிலைத்துவிடக்கூடும். ஆகவே ஒரே விரிப்பில் டிரான்ஸ்ஃபர் தாளையும் இந்தப் பேனாவையும் சேர்த்துப் பயன்படுத்துவதானால், இஸ்திரி வேலை அனைத்தையும் முடித்துவிட்டுப் பேனாவைக் கையில் எடுங்கள்.