போகும்போது பார்த்த குகை வேறு, திரும்பும்போது பார்த்தது வேறு

பல்லாவரத்திலிருந்து:

முப்பது வயது தாண்டும்வரை குகை என்றால் எனக்குச் சின்னமலை சர்ச்சில் இருக்கிறதே, குனிந்து நுழைந்து நாலு பேர் நின்றாலே நிறைந்துவிடும், அதுதான். சென்னையில் வேறு எதிர்பார்க்கவும் முடியாது. எங்கள் பல்லாவரம் மலை சார்னோக்கைட் பாறை, தண்ணீருக்குக் கரையாது. நீளமான குகைக்குச் சுண்ணாம்புக்கல் வேண்டும். மழைத்தண்ணீர் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாக இறங்கி, யுகக்கணக்கில் அரித்து அரித்து வழி போடும்.

அதனால் முதலில் போனது ஆந்திராவில் இருக்கும் பேலம் குகை. மும்பை ரயிலில் தாடிபத்ரியில் இறங்கினால் சுமார் 30 கிலோமீட்டர். 1863-ல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்த நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட்தான் 1884-ல் பேலத்தைப் பற்றியும் எழுதினார். எங்கள் ஊர்க்காரர் மாதிரி ஒரு சொந்தம்! மொத்தம் 3,229 மீட்டர். அதில் ஒன்றரை கிலோமீட்டருக்கு விளக்குப் போட்டு, காற்று அடித்து, நமக்குத் திறந்து வைத்திருக்கிறார்கள். வியர்வையில் பனியனைப் பிழியலாம். ஆனால் அங்கே தொலைந்துபோக முடியாது. அந்தத் தைரியத்தில்தான் மேகாலயா கிளம்பினேன்.

பிப்ரவரி மாதம். சிரபுஞ்சிப் பக்கம் க்ரெம் மவ்ம்லூ. அங்கே பேசும் காஸி மொழியில் க்ரெம் என்றால் குகை. ஏழு கிலோமீட்டருக்கு மேல் நீளும். பூமியின் கடைசி 4,200 ஆண்டுகளுக்கு ‘மேகாலயன் காலம்’ என்று 2018-ல் பெயர் வைத்தார்களே, அதற்கு அடையாளமாக எடுத்துக்கொண்ட கல்முளை, அதாவது சொட்டுத்தண்ணீரால் தரையிலிருந்து வளர்ந்த கல், இந்தக் குகையினுடையதுதான்.

நான், வேளச்சேரி அத்தை மகன், உள்ளூர் வழிகாட்டி அண்ணன் ஒருவர். நுழைந்த கொஞ்ச நேரத்தில் தண்ணீர் தொடை வரை. நான் ஜீன்ஸ் போட்டிருந்தேன், மடத்தனம். நனைந்த ஜீன்ஸ் காலில் ஈரச்சாக்கு கட்டின மாதிரி இருக்கும், குளிரும் விடாது. ஓரிடத்தில் கூரை இறங்கி, வயிற்றால் ஊர வேண்டியதாயிற்று. ஹெல்மெட் மேலே இடித்தது. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, மூச்சை முழுக்க வெளியே விட்டு, நெஞ்சு இறங்கின அந்த நொடியில் கால் கட்டைவிரலால் உந்த வேண்டும். மூச்சை இழுத்தால் மாட்டிக்கொள்வோம். இரண்டு தடவை இழுத்தேன்.

அப்புறம் விளக்கு. சென்னையில் ஒரு கடையில் வாடகைக்கு எடுத்த நெற்றி விளக்கு பாதி வழியில் செத்தது. அண்ணன் சிரித்துக்கொண்டே தன் பையிலிருந்து வேறொன்றைக் கொடுத்தார். ஆளுக்கு மூன்று விளக்கு என்பது அங்கே சட்டம் மாதிரி. நான் கொண்டுபோனது ஒன்றரை, செல்போனை அரை என்று கணக்கு வைத்தால்.

ஆனால் என்னை ஆட்டிவைத்தது இதெல்லாம் இல்லை. வழி பிரியும் ஒவ்வோர் இடத்திலும் அவர் அரைகுறை இந்தியில் “பின்னால் பாருங்க” என்பார். நான் கல்விழுதுகளைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தேன். திரும்பும்போது, “இப்ப நீங்க கூட்டிட்டுப் போங்க” என்று என்னை முன்னால் விட்டுவிட்டார். வந்த வழிதானே என்று இடது பக்கம் திரும்பினேன். இருபது அடி போனதும் தண்ணீர் ஆழமானது, கூரை தாழ்ந்தது. இந்தப் பாறையை நான் பார்த்ததே இல்லை. போகும்போது முதுகுப் பக்கமாகச் சேரும் கிளைவழி கண்ணில் படாது. திரும்பும்போது அதுவே ராஜபாட்டை மாதிரி வாயைத் திறந்து நிற்கும்.

அடிவயிறு கலங்கித் திரும்பி வந்தால், மனிதர் அங்கேயே உட்கார்ந்து வெற்றிலை பாக்கு மென்றுகொண்டிருக்கிறார். (அந்தச் சுண்ணாம்பும் எங்கள் தலைக்கு மேலே நின்ற மலையும் ஒரே சரக்கு.) ஒன்றும் சொல்லவில்லை. விளக்கைத் தரையில் சாய்த்துக் காட்டினார். வலது பக்கச் சேற்றில் நாங்கள் வந்த தடம் மூன்று ஜோடி. இடது பக்கம் என் தடம் மட்டும், போனதும் வந்ததுமாக.

தாம்பரத்திலிருந்து:

மழையை விட்டுவிட்டீர்களே. நமக்கு வருடத்துக்கு 140 சென்டிமீட்டர் என்றால் சிரபுஞ்சிக்குச் சுமார் 1,100. நான் ஏப்ரலில் மேகாலயாவிலேயே ஜைந்தியா மலைப்பக்கம் போனேன். முப்பது கிலோமீட்டருக்கு மேல் நீளும் க்ரெம் லியாட் ப்ராஹ் குகை அங்கேதான் இருக்கிறது. நாங்கள் கேட்டது அதன் பக்கத்தில் ஒரு சின்னக் குகை. மேகத்தைப் பார்த்துவிட்டு வழிகாட்டி வர மாட்டேன் என்றார். விமான டிக்கெட் காசு போச்சே என்று சண்டையே போட்டேன். மறுநாள் வெயில் வந்ததும் வாசலுக்குள் கொஞ்ச தூரம் கூட்டிப்போய், விளக்கை மேலே அடித்தார். என் தலைக்கு மேல் இரண்டு ஆள் உயரத்தில், கூரை இடுக்கில், மூங்கில் இலையும் சுள்ளியும் செருகிக் கிடந்தன. வெள்ளம் அங்கே கொண்டுபோய் வைத்தது. அதற்கப்புறம் டிக்கெட்டைப் பற்றி நான் பேசவில்லை.

அம்பத்தூரிலிருந்து:

நான் பேலத்திலேயே தோற்றவள். குகையின் ஆழத்தில் இருக்கும் பாதாளகங்கைக்கு இறங்கும் வழியில் மூச்சு அடைத்து, பாதியில் திரும்பிவிட்டேன். கூட வந்த மாமியாருக்கு 67 வயது. “நம்ம வீட்டு மாடிப்படியை விட அகலமாத்தான்மா இருக்கு” என்று சொல்லிவிட்டு இறங்கிப் பார்த்துவிட்டு வந்தார். ரயில் முழுக்க அதே பேச்சு. இப்போது மேகாலயாவும் போகலாம் என்கிறார். என்னால் முடியுமா என்று காசு கட்டுவதற்கு முன்னாலேயே தெரிந்துகொள்ள வழி உண்டா அண்ணா?

பல்லாவரத்திலிருந்து:

உண்டும்மா. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, கட்டிலுக்கு அடியில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் குப்புற ஊர்ந்து பாருங்கள். நடுவில் நின்று ஐந்து நிமிடம் அப்படியே கிடக்க வேண்டும். அத்தை மகனுக்கு நான் வைத்த பரீட்சை அதுதான், அவன் தேறினான். நான் எழுதவே இல்லை, எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் பழைய பாத்திரம். மாமியாருக்குப் பரீட்சை தேவைப்படாது என்று நினைக்கிறேன்.