பிள்ளைகளின் கற்பனைத் தீவுக்கு ஒரு நாட்காட்டி

ஊர் உறவுகள் எல்லாருக்கும் வணக்கம்.

ஆண்டு மலருக்குப் பிள்ளைகள் எழுதிவரும் கற்பனைத் தீவுக் கதையை வாசித்தேன். தீவின் படமும் அரச வம்சமும் அருமையாக வந்திருக்கின்றன. நாட்காட்டி மட்டும் தீவோடு ஒட்டவில்லை. பனையும் தாழையும் நிற்கிற கரையில் மூன்று மாதம் பனி கொட்டுகிறது. ரொறன்ரோவிலும் ஒஸ்லோவிலும் வளரும் பிள்ளைகளுக்கு வருடம் என்றால் நாலு பருவம்தான் மனதில் வரும். அது அவர்கள் குற்றமில்லை.

ஆங்கில எழுத்தாளர் டோல்கீன் தன் கற்பனை உலகத்தின் எல்ஃப் இனத்தாருக்கு ஆறு பருவம் வைத்தார். கோடைக்கும் குளிருக்கும் 72 நாள், மற்ற நாலுக்கும் 54 நாள். மொத்தம் 360. மிச்ச ஐந்தில் ஒன்று ஆண்டின் முதல் நாள், ஒன்று கடைசி நாள், மூன்று நடுவில். எந்தப் பருவத்திலும் அவை சேராது. அதே உலகத்தின் ஹாபிட்டுகள் என்ற குள்ள மனிதருக்கு அவர் எழுதியது வேறு கணக்கு. பன்னிரண்டு மாதத்துக்கும் 30 நாள், மிச்ச ஐந்து நாள் மாதங்களுக்கு வெளியே. அவற்றில் ஆண்டின் நடு நாளுக்குக் கிழமையே கிடையாது; மற்ற 364 நாள் சரியாக 52 வாரம். அதனால் எந்தத் தேதியும் வருடா வருடம் ஒரே கிழமையில் வரும். தோட்டம் செய்து, வேளைக்குச் சாப்பிட்டு, ஒழுங்காக வாழ்கிற சனத்துக்கு ஏற்ற கணக்கு.

தொல்காப்பியத்திலும் ஆறு பருவம் உண்டு. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். எங்கள் தமிழ் மாதங்கள்தான் சமமில்லை: மார்கழி 29 நாளில் முடியும், ஆனி 32 நாள் வரை போகும். சூரியன் ஒரு ராசியைக் கடக்கும் காலம்தான் ஒரு மாதம்; சனவரித் தொடக்கத்தில் பூமி சூரியனுக்குக் கிட்ட வந்து வேகமாக ஓடுவதுதான் காரணம். பிள்ளைகள் தங்கள் உலகம் சூரியனைச் சுற்றும் பாதையை இன்னும் நீட்டி வளைத்தால் 20 நாள் மாதமும் 45 நாள் மாதமும் வரும். கதைக்கு அது எவ்வளவு நல்ல விசயம்!

ஆனால் எனக்கு ஆசை வேறு. அந்தத் தீவு காற்றை வைத்து வருடத்தை எண்ணட்டும். எங்கட ஆட்கள் அப்படித்தானே எண்ணினார்கள்: வடக்கிலிருந்து வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், தெற்கிலிருந்து சோளகம், மேற்கிலிருந்து கச்சான். வாடைக்கு வடகடல் கொந்தளிக்கும், வள்ளங்கள் கரையேறும். சோளகத்துக்கு அதே கடல் அடங்கிக் கிடக்கும். தொழில், கலியாணம், கோயில் திருவிழா எல்லாம் அதையொட்டியே நடந்தன.

குழுவில் இருக்கிற பெரியவர்கள், எந்தக் காற்றுக்கு என்ன மீன் பட்டது, எப்போது வலை பின்னினீர்கள், எப்போது விதைத்தீர்கள் என்று நாலு வரி எழுதி அனுப்புங்கோ. குரல் பதிவு என்றாலும் சரி. நான் தட்டச்சுச் செய்து பிள்ளைகளிடம் கொடுக்கிறேன்.