சிலிக்கா ஜெல் போட்டும் லென்ஸில் பூஞ்சை, எங்கே தப்பு?

பழையலென்ஸ்:
அப்பா விட்டுப்போன 50 மி.மீ. லென்ஸை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் நாலு சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்திருந்தேன். எட்டு மாதம் கழித்து எடுத்துப் பார்த்தால் உள்கண்ணாடியில் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை. நீலமாக இருந்த மணிகளெல்லாம் இளஞ்சிவப்பாகிவிட்டன. இவற்றைத் தூக்கி எறிய வேண்டியதுதானா? அரிசி போதும் என்கிறார் ஒரு நண்பர். கால்சியம் குளோரைடு வாங்கு என்கிறார் இன்னொருவர்.

தராசுக்காரன்:
அந்த டப்பா மூடியில் ரப்பர் வளையம் இருக்கிறதா? அதை முதலில் பாருங்கள். காற்று உள்ளே வந்து போகிற டப்பாவில் நாலு பொட்டலம் என்ன, நாற்பது போட்டாலும் கொஞ்ச நாளில் நிரம்பிவிடும். பிறகு அவை வெறும் மணல்தான்.

நான் வேதியியல் ஆய்வகத்தில் வேலை பார்த்தவன். சேர்ந்த புதிதில் சோடியம் ஹைட்ராக்சைடு வில்லைகளை 4 கிராம் எடை போடச் சொன்னார்கள். தராசில் எண் நிற்கவே இல்லை, 4.02, 4.03 என்று ஏறிக்கொண்டே போனது. தராசு கெட்டுவிட்டது என்று நினைத்துத் திட்டிக்கொண்டிருந்தேன். குனிந்து பார்த்தால் வில்லைகள் வியர்த்துப் பளபளக்கின்றன! காற்றிலுள்ள ஈரத்தைத்தான் அவ்வளவு நேரமும் எடை போட்டிருக்கிறேன்.

கால்சியம் குளோரைடும் அந்த ஜாதிதான். ஈரத்தை இழுத்து இழுத்து, கடைசியில் அந்தத் தண்ணீரிலேயே கரைந்து உப்புக்கரைசலாகிவிடும். துணி அலமாரிக்குச் சரி. லென்ஸ் பக்கத்தில் சிந்தினால் உலோகம் அரித்துப்போகும், வேண்டாம்.

சிலிக்கா ஜெல் கரையாது. அதன் ஒரு கிராமுக்குள் இருக்கிற நுண்துளைச் சுவர்களை விரித்தால் பல நூறு சதுர மீட்டர் வரும். நீர் அந்தச் சுவர்களில் ஒட்டிக்கொள்கிறது, அவ்வளவே. சூடாக்கினால் விட்டுவிடும். அதனால் எறிய வேண்டாம். மணிகளைப் பொட்டலத்திலிருந்து எடுத்துத் தட்டில் பரப்பி, சுமார் 120 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் வையுங்கள். நீலம் திரும்பியதும் சூடு ஆறுவதற்குள் இறுக்கமான கண்ணாடிப் புட்டியில் போட்டு மூடுங்கள். திறந்து வைத்து ஆறவிட்டால் பட்ட பாடு வீண். ஒன்று, அந்த நீலம் கோபால்ட் குளோரைடு, நச்சுப்பொருள். சமையல் அடுப்பில் வைக்காதீர்கள், வெறும் கையால் அளையாதீர்கள். அடுத்த முறை ஆரஞ்சு மணி வாங்குங்கள், ஈரம் ஏறினால் பச்சையாகும்.

அரிசியா? அதற்குள்ளேயே 12, 13 சதவீதம் ஈரம் இருக்கிறது. போதாக்குறைக்கு அதன் தூசு பூஞ்சைக்குத் தீனி.

உப்புப்பெட்டி:
கூடவே ஒரு சின்ன ஈரப்பதமானியைப் போட்டுவிடுங்கள், 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி. அது சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க வழி இருக்கிறது. ஒரு மூடியில் சாப்பாட்டு உப்பைக் கொஞ்சம் தண்ணீர் விட்டுச் சேறு மாதிரி குழைத்து, மானியோடு காற்றுப்புகாத டப்பாவில் அரை நாள் வையுங்கள். 75 காட்ட வேண்டும். லென்ஸை மட்டும் அப்போது வெளியே எடுத்துவிடுங்கள், சிரிக்காதீர்கள், நான் மறந்திருக்கிறேன்.

பழையலென்ஸ்:
வளையம் இல்லை. மூடியின் ஒரு மூலையில் விரிசல் வேறு. உப்புச் சோதனையில் மானி 71 காட்டியது, நாலு கூட்டிக்கொள்கிறேன். லென்ஸைச் சுத்தம் செய்யக் கொடுத்திருக்கிறேன்.